யாரும் தனியாகச் சொல்லாத மந்திரம்

நம் மூத்தோர் கூட்டத்தின் செயலர் போன வாரம் கே.கே. நகரில் என் வீட்டுக்கு வந்திருந்தார். அடுத்த கூட்டத்தில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி நான் பேச வேண்டுமாம். சொல்லிவிட்டு காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். குரலையும் கொஞ்சம் கீழே இறக்கினார். "நீங்க எழுதி மட்டும் குடுங்க சார். நான் வாசிச்சிடுறேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

நல்ல மனிதர். ஆனால் அது நடக்காது. எழுதியவனேதான் வாசிப்பான். எனக்குத் திக்கும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். திக்கட்டும்.

போன கூட்டத்தில் ஏழு பேர் பேசினீர்கள். அதில் ஆறு பேர் பேசியது ஒன்றேதான். அந்தக் காலத்தில் வாங்கிய அடிதான் நம்மை ஆளாக்கியது, இந்தக் காலத்துப் பிள்ளைகளைத் தொடக்கூட முடியவில்லை. ஒருவர் பிரம்பைப் பற்றிய பைபிள் வசனத்தையும் எடுத்துவிட்டார். மற்றவர்கள் தலையாட்டினீர்கள். நான் வாயைத் திறக்காமல் மண்டபத்து மின்விசிறிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு இருக்கின்றன, ஓடுவது நாலு. மூன்று கூட்டமாகச் சொல்லிவருகிறேன், ஒருவரும் கவனிக்கவில்லை.

இந்த எண்ணும் பழக்கம் எனக்கு எட்டு வயதில் வந்தது. ஒரு சொல் தொண்டையில் மாட்டிக்கொண்டால், அது வெளியே வரும்வரை எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க முடியாது. அந்த முகத்தில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். அதனால் கண்ணில் பட்டதை எண்ணுவேன். எண்ணுவதற்கு வாய் வேண்டாம். கோயிலில் எங்களுக்கு ஞான உபதேசம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் சட்டையில் ஐந்து பொத்தான்கள். நாலு வெள்ளை, மேலிருந்து மூன்றாவது மட்டும் பழுப்பு. அந்தப் பழுப்புப் பொத்தானை நான் பார்த்த அளவுக்கு அவர் மனைவிகூடப் பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தால் மாற்றித் தைத்திருப்பார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஸ்ரீரங்கத்தில், அடையவளைந்தான் தெருவில், ஒரு வாடகைப் போர்ஷனில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே மின்சார அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அப்பா, அம்மா, நான், தங்கை என்று நாலு பேர். நாங்கள் இருந்த வரிசையில் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். கோயில் என்றால் மற்றவர்களுக்குப் பத்து நிமிட நடை. எங்களுக்கு ஆற்றைத் தாண்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவின் சைக்கிளில் முன்னால் தங்கை, பின்னால் கேரியரில் நான். அம்மா டவுன் பஸ்ஸில் வருவார். காவிரிப் பாலத்தில் எதிர்க்காற்று அடித்தால் அப்பா எழுந்து நின்று மிதிப்பார். அவர் சட்டை பின்னால் உப்பிக்கொண்டு வந்து என் முகத்தை மூடும். நீலம் போட்டு வெளுத்த துணியின் வாசனை. அந்தத் துணிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, காற்றுச் சத்தத்தில், நான் நினைத்ததையெல்லாம் திக்காமல் பேசுவேன். கேட்பதற்கு யாரும் இல்லாததால் எதுவும் மாட்டாது.

பூசை முடிந்ததும் கோயில் தாழ்வாரத்தில் புது நன்மைக்கு ஞான உபதேச வகுப்பு. புது நன்மை எடுப்பதென்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம் பேரப்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அதன் ருசி தெரியாது என்பதால் சொல்கிறேன். நற்கருணையை முதன்முதலாக நாக்கில் வாங்கும் நாள். வெள்ளைச் சட்டை, கையில் மெழுகுவத்தி, வீட்டில் பிரியாணி. அதற்கு முன்னால் ஒரு பரீட்சை உண்டு. பங்குச் சாமியார் முன்னால் ஒவ்வொருவராக நின்று எல்லா மந்திரங்களையும் ஒப்பிக்க வேண்டும். அதில் நீளமானது விசுவாச மந்திரம். உபதேசியார் பக்கத்தில் பிரம்போடு நிற்பார்.

வகுப்பில் இருபத்திரண்டு பேர். எல்லோரும் சேர்ந்து கத்தும்போது என் குரலும் கணீரென்று கேட்கும். தனியாக நிறுத்தினால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவேன். பையன்கள் எனக்குத் 'தந்தியாபீஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கட்டுக்கடகட என்று ஒரே எழுத்தைத் தட்டிக்கொண்டிருப்பேனாம்.

முதல் வருடப் பரீட்சையில் பழுப்புப் பொத்தானைப் பார்த்தபடி நின்றேன். "வி... வி... வி..." அதற்குமேல் நகரவில்லை.

உபதேசியார் சாமியாரிடம் சொன்னார்: "கூட்டத்துல நின்னா தொண்ட கிழியக் கத்துறான் சாமி. தனியா நிறுத்துனா ஊமை வேஷம் போடுறான். இது நாக்குல உள்ள கோளாறு இல்ல. திமிரு."

உள்ளங்கையில் இரண்டு அடி விழுந்தது. சாமியார் கையமர்த்தி, "அடுத்த வருஷம் பாக்கலாம். நாக்கு சரியாகட்டும்" என்றார். அவ்வளவுதான். மற்ற இருபத்தொரு பேரும் வெள்ளைச் சட்டை போட்டார்கள். என் சட்டை முன்கூட்டியே தைத்து வந்திருந்தது. அம்மா அதைப் பாச்சை உருண்டையோடு டிரங்குப் பெட்டியில் வைத்தார். வைக்கும்போது அப்பாவிடம் கேட்டார்: "என்னங்க, நாக்கு சரியா இருந்தாத்தான் ஆண்டவர வாங்கணுமா? திக்குற நாக்குன்னா அவரு எறங்க மாட்டாராமா?"

அப்பா பெட்டியை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

ஆனால் அம்மாவே பிறகு என் நாக்கோடு மல்லுக்கட்டத் தொடங்கினார். வசம்பைச் சுட்டுக் கரியாக்கித் தேனில் குழைத்து நாக்கில் தடவினார். கசப்பும் தேனும் சேர்ந்த அந்தக் கறுப்பு ருசி இப்போதும் அடிநாக்கில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டார். வெள்ளியில் ஒரு நாக்கு செய்து வைப்பதாக வேண்டுதல். பெரிய கடைவீதியில் ஒரு வெள்ளிக் கடைக்கு என்னையும் அழைத்துப் போனார். கண் இருந்தது, கை இருந்தது, கால் இருந்தது, தொட்டில்கூட இருந்தது. நாக்கு இல்லை.

"நாக்கு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லம்மா" என்றார் கடைக்காரர். "வாயத் தொற தம்பி." என் நாக்கை ஒரு தடவை பார்த்துவிட்டு வெள்ளித் தகட்டை வெட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது நாக்காம்மா? மாவிலை மாதிரில இருக்கு. தோரணம் கட்டலாம்."

அப்பாவின் வைத்தியம் வேறு. அவர் அடிக்கிறவர் அல்ல. "திக்காம முழுசாச் சொல்லிட்டா உனக்கு வாட்ச்சுடா" என்றார். எங்கள் தெருவில் எந்தப் பையன் கையிலும் வாட்ச் கிடையாது. அதற்கு ஆசைப்பட்டு நான் முயற்சி செய்யச் செய்ய நாக்கு இன்னும் இறுகியது. வாட்ச் கைக்கு வராத ஒவ்வொரு நாளும் நான்தான் அதை அப்பாவிடமிருந்து பிடுங்கி எறிந்துவிட்ட மாதிரி இருக்கும். நம் கூட்டத்தில் ஊக்கம், ஊக்கம் என்கிறீர்களே, இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளையால் முடியாததற்குப் பரிசு வைத்தால், அது வெல்லம் தடவிய பிரம்பு. அடி அடிதான்.

வீட்டில் தினமும் மாலை விளக்கு வைத்ததும் ஜெபமாலை. ஐந்து பத்துகள், ஒவ்வொன்றிலும் ஒரே மந்திரம் பத்துத் தடவை. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. மிச்சம் ஒன்றை எல்லோரும் சேர்ந்து சொல்வோம். முறை வருகிறவர் மந்திரத்தின் முதல் பாதியைத் தனியாகச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து இரண்டாம் பாதியைச் சொல்ல வேண்டும். என் பத்து வந்தால் மெழுகுவத்தி கரையும், சோறு ஆறும், தங்கை என் தொடையைக் கிள்ளுவாள். ஆனாலும் அம்மா ஒரு நாள்கூட என் முறையைத் தாண்டிப் போனதில்லை. "அவன் பத்து அவன்தான் சொல்லணும்" என்பார். வார்த்தையை எடுத்துக் கொடுக்கவும் மாட்டார். கண்ணை மூடிக் காத்திருப்பார். அப்போது அது எனக்குத் தண்டனையாகப்பட்டது. என்னை விட்டுவிட்டு அந்த வீட்டில் ஜெபம் நடக்காது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது, எனக்குப் பிள்ளை பிறந்து அது தத்தித் தத்திப் பேசத் தொடங்கியபோதுதான் உறைத்தது.

ஒரு மாலை தங்கைதான் குண்டைப் போட்டாள். "அப்பா, அண்ணன் நடிக்கிறான்ப்பா. தனியாச் சொல்றப்பதான் திக்குறான். நம்மளோட சேந்து சொல்றப்ப திக்கவே இல்ல. வேணும்னா கேட்டுப் பாருங்க."

கடைசிப் பத்தை எல்லோரும் சேர்ந்து சொன்னோம். மூன்று பேரின் காதும் என் வாயில் இருந்தது. எனக்கு ஒரு எழுத்துகூட மாட்டவில்லை. அன்றைக்காவது மாட்டித் தொலைந்திருக்கலாம்.

அப்பா ஜெபமாலையைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "நடிக்கிறியாடா?"

உபதேசியாரின் அடிகள் மறுநாள் ஆறிவிட்டன. இது ஆறவில்லை. உபதேசியார் சொன்னது சரிதானோ என்று அப்பாவுக்கே தோன்றிவிட்டது. நான் சாப்பிடாமல் படுத்தேன். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டேன். தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் காட்டுவேன். அப்பா வாட்ச் பேச்சையே எடுக்கவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ கணக்கு இடிக்கிறவர் போலப் பார்ப்பார்.

அந்தக் கணக்கு நடுத்தெருவில் நேரானது. ஒரு மாலை அப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சித்திரை வீதி வழியாக வந்துகொண்டிருந்தார். பெருமாள் புறப்பாடு. வழி விடாமல் கூட்டம். ஓரமாகச் சைக்கிளை நிறுத்தினோம். பெருமாளுக்கு முன்னால் பிரபந்தம் சொல்லும் கோஷ்டி நாலு நாலு பேராக வந்தது. எதிர்வீட்டு மாமாவும் அதில் இருந்தார். அந்தக் குரல்கள் வீதியின் இரண்டு பக்கச் சுவரிலும் பட்டுத் திரும்பின. பச்சைக்கற்பூரமும் துளசியும் கலந்த வாசனை எங்களைத் தாண்டிப் போனது. அப்பா கோஷ்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய வாய் எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்று பிரிக்க முடியவில்லை.

மறுநாள் காலை மாமா வாசலில் நின்றபோது அப்பா கேட்டார்: "ஏன் மாமா, அவ்வளவு பாட்டையும் தனியா உக்காந்தாலும் சொல்லிடுவீங்களா?"

மாமா பெரிதாகச் சிரித்தார். "தனியாவா? ஆத்துல தனியா உக்காந்து சொன்னா நாலு பாசுரத்துக்கு ஒரு எடத்துல முட்டிண்டு நிப்பேன் ஸார். கோஷ்டியில நின்னா முட்டாது. பக்கத்துல இருக்கறவா வாயிலேர்ந்து என் வாய்க்கு வந்துடும். என் வாயிலேர்ந்து அவாளுக்குப் போயிடும். பெருமாளுக்கு யார் சொன்னான்னா கணக்கு?" பிறகு குரலைத் தாழ்த்தி, "இத எங்காத்துல சொல்லிடாதேள். அவ என்னை மகா வித்வான்னு நெனச்சிண்டிருக்கா" என்றார்.

அப்பா உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ நடிக்கலடா" என்றார். அன்றிலிருந்து ஜெபமாலையில் என் முறை வரும்போது, என் பாதியை அவரும் என்னோடு சேர்ந்து முணுமுணுத்தார். எனக்கு முன்னால் போகாமல், பின்னாலும் விழாமல், சைக்கிளில் பக்கத்தில் வருகிறவர் மாதிரி. அம்மா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். ஒரு வாரத்தில் என் பத்து மற்றவர்கள் பத்து அளவுக்கு வந்துவிட்டது. தங்கைக்குத்தான் கிள்ளுவதற்கு வேலையில்லாமல் போயிற்று.

இரண்டாம் வருடப் பரீட்சைக்கு அப்பாவும் வந்தார். மற்ற அப்பாக்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். என் பெயரைக் கூப்பிட்டதும் இவர் என்னோடு சாமியார் அறைக்குள் வந்து என் பக்கத்தில் நின்றுவிட்டார். பழுப்புப் பொத்தான் அப்படியே இருந்தது.

"சார், நீங்க வெளிய நில்லுங்க. பையன் தனியாச் சொல்லணும்" என்றார் உபதேசியார்.

"அவன் எங்கூடச் சேந்து சொல்லுவான்."

"அது எப்படி? தனியாச் சொல்றதுதான பரீட்சை?"

அப்பா சாமியார் பக்கம் திரும்பினார். அவர் யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அலுவலகத்தில் மேலதிகாரி தும்மினால்கூட எழுந்து நிற்பவர். அன்று என் தோளில் கையை வைத்துக்கொண்டு பேசினார். குரல் நடுங்கவில்லை.

"சாமி, ஞாயித்துக்கிழமை பூசையில விசுவாச மந்திரத்த யாரு தனியாச் சொல்றாங்க? நீங்க தொடங்குறீங்க, நாங்க அத்தன பேரும் சேந்து சொல்றோம். அறுபது வருசமா கோயிலுக்கு வர்றவங்களும் பக்கத்து ஆளு வாயைப் புடிச்சுக்கிட்டுத்தான் சொல்றாங்க. இந்தக் கோயில்ல யாருமே தனியாச் சொல்லாத மந்திரத்த, ஒம்பது வயசுப் புள்ள மட்டும் எதுக்கு சாமி தனியாச் சொல்லணும்?"

உபதேசியார் விடவில்லை. "அப்புறம் ஒவ்வொருத்தனும் அப்பனக் கூட்டிக்கிட்டு வந்து நிப்பான் சார்."

"வரட்டுமே. அப்பனுக்கும் மந்திரம் தெரியுதான்னு பாத்துடலாம்."

சன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் யாரோ சிரித்தார்கள். உபதேசியார் பிரம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் சன்னல் கம்பிகளை எண்ணினேன். ஒன்பது.

"சரி, சொல்லுங்க" என்றார் சாமியார். "ஆனா நீங்க இழுத்துக்கிட்டுப் போகக்கூடாது."

தொடங்கினோம். பூசை மந்திரங்கள் பழைய வார்த்தைகளிலிருந்து புதிய தமிழுக்கு மாறியிருந்த காலம் அது. வகுப்பில் எங்களுக்குப் புதியது. அப்பாவின் நாக்கில் பழையது. பாதியில் அவர் பழக்கதோஷத்தில் பழைய வார்த்தைக்குள் போய்விட்டார். நான் புதிய வார்த்தையில் இருந்தேன். இரண்டும் மோதி இருவரும் நின்றோம். அப்பாவின் கை என் தோளை இறுக்கியது. முடிந்தது, அடுத்த வருடம்தான் என்று நினைத்தேன்.

அப்போது மூன்றாவது குரல் கேட்டது. சாமியார். விட்ட இடத்திலிருந்து, மேசையைப் பார்த்தபடி, பூசையில் சொல்வது போலவே சொன்னார். வேண்டுமென்று சொன்னாரா, காதில் விழுந்ததும் வாய் தானாகத் தொடர்ந்துவிட்டதா, தெரியாது. நான் அதில் ஏறிக்கொண்டேன். அப்பாவும் ஏறிக்கொண்டார். சன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியிலும் முணுமுணுப்பு எழுந்தது. பழுப்புப் பொத்தானுக்கு மேலே பார்த்தேன். உபதேசியாரின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. நம் ஆட்களால் முடியாதது அது. பக்கத்தில் ஒருவர் விசுவாச மந்திரம் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு நிற்க நம்மால் முடியாது.

ஆமென் வரைக்கும் போய்ச் சேர்ந்தோம்.

சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வெள்ளைச் சட்டை தைக்கச் சொல்லுங்க."

"போன வருசமே தச்சாச்சு சாமி" என்றார் அப்பா. "நீளம் பத்துமான்னுதான் தெரியல."

பத்தவில்லை. அம்மா மடித்துத் தைத்திருந்ததைப் பிரித்துவிட்டார். கீழே ஒரு விரல் அகலத்துக்குப் பழைய மடிப்பின் கோடு தெரிந்தது. அந்தக் கோட்டோடுதான் போய் நின்றேன், நாக்கை நீட்டினேன்.

பூசை முடிந்ததும் அம்மா கைப்பையிலிருந்து வெள்ளி நாக்கை எடுத்து அந்தோணியார் காலடியில் வைத்தார். அப்பாவுக்கு ஆச்சரியம். "அவனுக்கு இன்னும் சரியாகலையே, அதுக்குள்ள எதுக்கு வைக்கிற?"

"அந்த நாக்குலதான வாங்கியிருக்கான்? போதும்" என்றார் அம்மா.

எனக்குச் சரியாகவே இல்லை. இதைக் கேட்க உங்களில் சிலருக்குப் பிடிக்காது. சாட்சி சொல்லும் கூட்டங்களில் கடைசியில் எல்லோருக்கும் எல்லாம் சரியாகிவிடும். எனக்கு ஆகவில்லை. வேலைக்குப் போன நேர்முகத் தேர்வு எல்லாவற்றிலும் திக்கினேன். ஏழாவதில் எடுத்துக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போனபோது திக்கினேன். அவள் சிரிக்காமல் காத்திருந்தாள், அவளையே கட்டிக்கொண்டேன். உபதேசியாரை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன். தன் அப்பாவிடம் வாங்கியதைத்தான் அவர் எங்களுக்குக் கொடுத்தார். அந்தப் பிரம்பை மன்னிக்க மாட்டேன். அதற்காக நீங்கள் எத்தனை வசனம் சொன்னாலும் சரி. அடியால் ஆளானோம் என்கிறீர்கள். அடியையும் மீறி ஆனோம். வீட்டில் ஒருவர் கண்ணை மூடிக் காத்திருந்தார், ஒருவர் பக்கத்தில் நின்று சேர்ந்து சொன்னார், அதனால் ஆனோம். உங்கள் வீட்டிலும் ஒருவர் அப்படி இருந்திருப்பார். அவரை மறந்துவிட்டுப் பிரம்பை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள்.

இனி ஒன்றே ஒன்று. இதை நான் வாசிக்கும்போது எத்தனையோ இடத்தில் நின்றிருப்பேன். 'விசுவாசம்' வந்த இடத்திலெல்லாம் கட்டாயம் நின்றிருப்பேன். முன்வரிசையில் இருப்பவர்கள் வார்த்தையை எடுத்துக் கொடுக்கத் துடித்திருப்பீர்கள். செயலர் கடிகாரத்தைப் பார்த்திருப்பார். எனக்குக் கொடுத்த பத்து நிமிடம் எப்போதோ முடிந்திருக்கும். முடியட்டும். கூட்டத்தின் முடிவில் நாம் வழக்கமாக விசுவாச மந்திரம் சொல்வோம். இன்றைக்கு நான் தொடங்குகிறேன். முதல் எழுத்தில் நிற்பேன். யாரும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

எழுந்து நில்லுங்கள். சேர்ந்து சொல்லுங்கள்.